மருந்தை நிறுக்கும் குடற்சுவர்

மருந்தை விழுங்கியவுடன் அஃது உடம்பிற் சேர்ந்துவிட்டது என்றே நம்மிற் பெரும்பாலோர் எண்ணுகின்றோம். மாத்திரை தொண்டையைத் தாண்டிய கணமே வைத்தியரின் கட்டளை நிறைவேறிவிட்டதாக நமக்கு ஒரு நிம்மதி. உண்மை வேறு. வாயிலிருந்து குதம் வரை நீண்டு செல்லும் உணவுக் குழாயின் உட்புறம், ஒரு வகையில், உடம்பின் வெளிப்புறமே ஆகும். அதனுள் கிடக்கும் பொருள் குடற்சுவரைக் கடந்து குருதியிற் கலந்தாலன்றி உடம்பைச் சேர்ந்ததாகாது. அந்தச் சுவரோ வெறுஞ் சுவரன்று. வருவதைச் சோதிக்கும், வேண்டாததைத் திருப்பித் தள்ளும், உள்ளே விடுவதிலும் ஒரு பகுதியைச் சிதைத்த பின்னரே விடும். அச்சுவர் புண்பட்டு அழன்று கிடக்கும்போது இந்தச் சோதனை என்ன ஆகின்றது? குடல்நோயுற்ற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இந்த வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று.

இதனை நாம் துருவிப் பார்க்கத் தொடங்கியது ஒரு தாயாரின் கேள்வியால். லுணுகலையைச் சூழ்ந்த தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். அவருடைய மூத்த மகன் எம்மிடம் கல்வி கற்கின்றான். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர் அவர் மட்டும் தயங்கி நின்றார்.

"சேர், ஒன்னு கேக்கணுங்க. போன மழைக்குப் பெரியவனுக்கு வயிறு கெட்டப்ப வாங்கின மாத்திரை மிச்சம் இருந்துச்சுங்க. அதப் பாதியா ஒடச்சுத்தான் சின்னதுக்குக் குடுத்தேன். அவனுக்கு அன்னிக்கு ஒரு மாத்திரையில நின்னுபோச்சு. இவளுக்கு வயிறு உப்பிப்போய், கண்ணு சொருகிக் கெடந்தாங்க. அதே மருந்து, பாதி அளவுதானே சேர்?"

"சின்னவளுக்கு எத்தனை வயதம்மா?"

"ஒன்றரை இன்னும் முடியலைங்க."

குழந்தையைக் காலத்தில் வைத்தியசாலைக்குத் தூக்கிச் சென்றமையால் அவள் பிழைத்தாள். மருந்தின் அட்டையை அத்தாயார் சேலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். லோபெரமைட் என்பது அதன் பெயர். நாம் வைத்தியரல்லோம், உயிரியல் கற்பிப்பவர் மட்டுமே. எனினும் "அதே மருந்துதானே?" என்ற வினா வைத்தியத்துக்கு மட்டும் உரியதன்று, உயிரியலுக்கும் உரியது.

தோட்டத்தில் வாழ்வோர்க்கு இதை விளக்க ஓர் உவமை கைவசம் இருக்கின்றது. மலையிற் பறித்த கொழுந்தை மடுவத்துக்குக் கொண்டுவந்து தராசில் தொங்கவிடுகின்றார்கள். கூடையின் பாரம், மழைநீரின் பாரம், முற்றலிலையின் பாரம் என்றெல்லாம் கழித்த பின்னரே பெயருக்கு நேரே கிலோ பதியப்படுகின்றது. (அந்தக் கழிவு நியாயமானதுதானா என்பது தொழிலாளர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வழக்கு, அதை விசாரிக்க இங்கு இடமில்லை.) கழிவு எவ்வளவென்று அறிந்தவர் அதற்கேற்பக் கூடுதலாகப் பறித்து வைக்கின்றார். மருந்தின் அளவை வகுப்போரும் இதையே செய்கின்றனர். விழுங்கும் 100 பங்கில் 90 பங்கை உடம்பு கழித்துவிடும் என்று தெரிந்தால், வேண்டுவது 10 பங்கேயாயினும் 100 பங்கை மாத்திரையில் வைக்கின்றனர். இனி, கழிப்பவர் ஒருநாள் சோர்ந்துபோய் 90க்குப் பதிலாக 80 மட்டுமே கழித்தார் என்று கொள்வோம். கழிவிற் குறைந்தது சிறு பகுதிதான். குருதியிற் சேர்வதோ 10 அன்று, 20. சரியாக இரு மடங்கு! இந்தக் கணக்கை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். கழிவு பெரிதாயிருக்கும் மருந்துகளிலேதான் கழிப்பவரின் சோர்வு பேராபத்தாகின்றது.

கழிப்பவர் யார்? நமது சிறுகுடலின் உட்புறம் சடைமுளைகள் எனப்படும் நுண்ணிய விரல்களால் வேயப்பட்டது. அவற்றை விரித்துப் பரப்பினால் டெனிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய பாடநூல்கள் எழுதிவந்தன. நாமும் அவ்வாறே படித்தோம். சுவீடிய ஆய்வாளர் 2014-இல் மீண்டும் அளந்து, உணவுக் குழாய் முழுவதற்குமே ஏறத்தாழ 30 சதுர மீற்றர்தான் என்று கண்டனர். பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக் காம்பரா மூன்றின் தரைக்கு அஃது ஈடாகும். டெனிஸ் மைதானம் போனாலும், வயிற்றுக்குள் மூன்று காம்பரா இருப்பது வியப்புத்தானே! சடைமுளைகளின் மேற்பரப்பிலுள்ள கலங்கள் அடிக்குழியிற் பிறந்து, மெல்ல மேலேறி, நுனியை அடைந்து, மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்துவிடுகின்றன. முதிர்ந்து மேலே வந்த கலங்களிலேதான் மருந்தைச் சிதைக்கும் நொதியங்கள் நிறைந்திருக்கின்றன. குழியிலுள்ள இளங்கலங்களில் அவை மிகக் குறைவு.

இந்த நொதியங்களின் குடும்பப் பெயர் சைற்றோகுரோம் பி 450. காபனோரொட்சைட்டு வாயுவோடு சேர்ந்த நிலையில் 450 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை அவை உறிஞ்சுவதால், ஜப்பானிய அறிஞர்களான ஒமுராவும் சாத்தோவும் 1962-இல் இட்ட பெயர் அது. அக்குடும்பத்தில் 3ஏ4 என்னும் உறுப்பினரே குடலில் முதல்வர். குடற்சுவரிலுள்ள இவ்வகை நொதியங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவரும் இவருடைய நெருங்கிய உறவினருமே. இன்று வழங்கும் மருந்துகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைச் சிதைப்பது இவர் தொழில். இவர் அருகில் வேறொரு காவலரும் நிற்கின்றார். கலத்தின் வாயிலில் நின்று, உள்ளே நுழைந்த மருந்தைப் பிடித்துக் குடலுக்குள்ளேயே திரும்பத் தள்ளும் பீ-கிளைக்கோபுரதம் அவர்; 1976-இல் கனடாவின் ரொறொன்ரோவில் ஜூலியானோ, லிங் என்போர் கண்டறிந்தனர். ஒருவர் தள்ள, தப்பி வந்ததை மற்றவர் வெட்ட, இருவரும் ஒத்து நடத்தும் கழிவு இது.

முன்பெல்லாம் இவ்வேலை முழுவதும் ஈரலுக்கே உரியதென்று எண்ணினர். அந்த எண்ணத்தை அசைத்த சான்று 1991-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையில், பழைய ஈரலை எடுத்துப் புதியதைப் பொருத்துமுன் நோயாளி சிறிது நேரம் ஈரலின்றியே கிடக்க நேரும். அந்த இடைவேளையில் சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்தைச் சிறுகுடலினுள் செலுத்தினர். ஈரலே இல்லாத அவ்வுடம்பில் மருந்து சிதைந்த கூறுகள் குருதியிற் காணப்பட்டன. வெட்டியது குடல்தான் என்பதற்கு இதனினும் நேரான சாட்சி வேண்டுமோ?

அதே ஆண்டுகளில் கனடாவிலும் ஒரு விந்தை நிகழ்ந்தது. டேவிட் பெய்லி என்னும் ஆய்வாளர் இரத்த அழுத்த மருந்தொன்றோடு மதுசாரம் சேர்ந்தால் என்னாகும் என்று சோதிக்க முற்பட்டு, மதுவின் சுவையை மறைக்கக் கிறேப் பழச்சாறு கலந்து கொடுத்தார். குருதியில் மருந்தின் அளவு எதிர்பாராத வகையில் உயர்ந்து நின்றது. மதுவின் குற்றமன்று, பழத்தின் குற்றமே என்று தெளிந்து, 1989-இலும் 1991-இலும் அறிவித்தார். அப்பழச்சாறு குடற்சுவரிலுள்ள 3ஏ4 நொதியத்தை முடக்கிவிடுகின்றது. மடுவத்தில் கழிப்பவரைக் கட்டிப்போட்டது போல. கிறேப் பழம் நமது பம்பளிமாசுக்கும் தோடைக்கும் பிறந்த கலப்பு. பம்பளிமாசிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு என்பதால், நாள்தோறும் மருந்து உண்போர் அப்பழத்தைப் பற்றி வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நன்று.

பிள்ளைகளின் நிலைக்கு வருவோம். பிள்ளை என்பவன் சிறிய அளவிற் செய்த பெரியவன் அல்லன். குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்தைப் பெரியவர்களின் கணக்கில் வகுத்துப் பச்சிளங் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது அவர்கள் சாம்பல் நிறம் பூண்டு இறந்த செய்தி 1959-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அம்மருந்தைக் கட்டி வெளியேற்றும் நொதியம் அவர்களின் ஈரலில் இன்னும் தேறவில்லை. 3ஏ4 நொதியமும் இத்தகையதே. கருவிலிருக்கும்போது அதன் இடத்தில் 3ஏ7 என்னும் வேறொன்று பணி செய்கின்றது. பிறந்த பின்னரே 3ஏ4 சிறுகச் சிறுகப் பொறுப்பேற்கின்றது. இங்கிலாந்தின் ஷெபீல்டில் பிள்ளைகளின் முன்சிறுகுடலிலிருந்து எடுத்த இழையத் துணுக்குகளை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட ஆய்வு, குடலிலும் இந்நொதியம் வயதோடு வளர்வதைக் காட்டிற்று. சீலியாக் நோயுற்ற பிள்ளைகளிடம் அது குன்றியிருந்ததையும் அவ்வாய்வே காட்டிற்று.

இங்கேதான் பரம்பரையலகின் வெளிப்பாடு என்னும் சொற்றொடர் வருகின்றது. மாணவர்கள் இதிற் குழம்புவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். நமது ஒவ்வொரு கலத்திலும் ஏறத்தாழ ஒரே பரம்பரையலகுத் தொகுதிதான் இருக்கின்றது. கண்ணிலும் அதே, குடலிலும் அதே. வேறுபடுவது எந்தப் பக்கம் விரித்து வாசிக்கப்படுகின்றது என்பதே. அடுக்களையில் ஒரு சமையற் புத்தகம் கிடக்கின்றது என்று கொள்ளுங்கள். புத்தகம் மாறவில்லை, ஆனால் வீட்டில் சாவு விழுந்த நாளிற் பாயசத்தின் பக்கத்தை எவரும் புரட்டுவதில்லை. குடற்கலத்தில் 3ஏ4இன் பக்கத்தைப் புரட்டச் சொல்லும் உணர்வி ஒன்று இருக்கின்றது. பி.எக்ஸ்.ஆர். எனப்படும் அதனை 1998-இற் கண்டறிந்தனர். அந்நியப் பொருள் வந்ததை உணர்ந்து, "வெட்டுகின்றவனை அழை" என்று கட்டளையிடுவது அதன் பணி. அழற்சி உண்டாகும்போது வெள்ளைக் குருதிக் கலங்களும் பிறவும் சுரக்கும் இண்டர்லூக்கின் 6, ரி.என்.எப். முதலிய தூதுப் பொருள்களோ இதற்கு எதிரான கட்டளையைப் பிறப்பிக்கின்றன. உடம்பு போர்க்கோலம் பூண்டுவிட்டது. அன்றாட வேலைகளை நிறுத்துக என்பது அதன் பொருள். பக்கம் மூடப்படுகின்றது, தூது ஆர்.என்.ஏ. குறைகின்றது, சில நாட்களில் நொதியமும் குறைகின்றது.

இக்கட்டளை குடலோடு நிற்பதுமன்று. 1980-இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவியபோது, இழுப்பு நோய்க்காக நெடுநாளாகத் தியோபிலின் உண்டுவந்த 11 பிள்ளைகளின் உடம்பு அம்மருந்தை வெளியேற்றும் ஆற்றலை இழந்தது. வழக்கமாக உண்ட அளவே அவர்களுக்கு மிகையாயிற்று. மருந்தில் மாற்றமில்லை, பிள்ளையும் அதே பிள்ளை. இடையில் வந்தது காய்ச்சல் ஒன்றே.

குடல்நோயில் இரண்டு தீங்குகள் ஒருங்கே சேர்கின்றன. பக்கம் மூடப்படுவது ஒன்று. நுனிக் கலங்களே அழிந்து, சடைமுளை குட்டையாகி, வாசிப்பவரே இல்லாமற் போவது மற்றொன்று. சீலியாக் நோயில் கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம், அதாவது நமது லயங்களிற் காலைதோறும் சுடும் ரொட்டியிலுள்ள அதே புரதம், சிலருடைய குடலை அழற்றிச் சடைமுளைகளை மழித்துவிடுகின்றது. அந்நோயாளரின் குடலில் 3ஏ4 குன்றியிருந்து, கோதுமையை விலக்கிய உணவால் குடல் தேறியபின் மீண்டும் பெருகியதை 1996-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சுவர் ஆறினால் காவலும் திரும்புகின்றது. அந்நாளில் மருந்தின் அளவையும் திரும்பப் பார்க்க வேண்டும் அன்றோ?

வயிற்றோட்டத்தின் விளைவை மிகத் துல்லியமாகக் கண்டவர்கள் உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்யும் வைத்தியர்கள். மாற்றிப் பொருத்திய உறுப்பை உடம்பு தள்ளிவிடாதிருக்கத் தக்ரோலிமஸ் என்னும் மருந்தைக் கொடுக்கின்றனர். அதன் அளவைக் குருதியில் அடிக்கடி அளப்பதும் வழக்கம். அப்பிள்ளைகளுக்கு ரோட்டா வைரசு போன்ற தொற்றால் வயிற்றோட்டம் உண்டாகும்போது, மருந்து வெளியே போய்க் குருதியிற் குறையும் என்றுதான் எவரும் நினைப்பர். நிகழ்வதோ நேர்மாறு. அளவு உயர்கின்றது. வெட்டுபவரும் தள்ளுபவரும் புண்பட்ட சுவரோடு சேர்ந்து வீழ்ந்துவிட்டமையே காரணம்.

அத்தாயாரின் வினாவுக்கு விடை இப்பொழுது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றது. லோபெரமைட் என்பது அபினியின் இனத்தைச் சேர்ந்த மருந்து. குடலின் அசைவை அது அடக்குகின்றது. ஆனால் வளர்ந்த ஒருவரிடத்தில் மயக்கம் தருவதில்லை. ஏன்? விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்கு தானும் குருதியை அடையாதபடி குடலும் ஈரலும் கழித்துவிடுகின்றன. அடைந்த சிறு பங்கையும் மூளைக்குட் புகவிடாமல், மூளையின் வாயிலில் நிற்கும் அதே பீ-கிளைக்கோபுரதம் தள்ளிவிடுகின்றது. முன்னே சொன்ன கணக்கை நினைவுகூர்க. கழிவு இத்துணைப் பெரிதாயிருக்கும் மருந்தில் கழிப்பவர் சிறிது சோர்ந்தாலும் என்னாகும்? காவல் இன்னும் முதிராத ஒன்றரை வயதுக் குழந்தை. வயிற்றோட்டத்தால் அழன்ற குடல். நீர் வற்றிய உடம்பு. அண்ணனுக்குப் பாதியாக உடைத்தது அவளுக்குப் பாதியாக இருக்கவில்லை. பாகிஸ்தானில் இம்மருந்தின் துளி வடிவத்தைப் பெற்ற குழந்தைகளின் குடல் செயலற்று உயிரிழப்புகள் நேர்ந்த செய்தி 1990-இல் உலகுக்குத் தெரியவந்து, குழந்தைகளுக்கான துளிமருந்தை உற்பத்தியாளரே விலக்கிக்கொள்ள நேர்ந்தது. இரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு இதனை ஒருபோதும் கொடுக்கலாகாது. பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்கு ஓட்டத்தை நிறுத்தும் மருந்துகள் வேண்டா, ஜீவனி போன்ற உப்பு நீரும் நாகமும் தாய்ப்பாலும் உணவுமே வேண்டும் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

வயிற்றோட்டம் வந்து போகும் விருந்தாளி. வந்து தங்கிவிடும் குடலழற்சிகளும் உள. நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையில் குரோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் என்னும் மூவரும் 1932-இல் விவரித்த குரோன் நோய் ஒன்று. பெருங்குடற் புண்ணழற்சி மற்றொன்று. இவை வெள்ளைக்காரர் நோய் என்று ஒரு காலத்திற் கருதப்பட்டன. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் எடுத்து 2010-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, இலட்சம் பேருக்குப் பெருங்குடற் புண்ணழற்சி 5.3 பேர், குரோன் நோய் 1.2 பேர் என்று கண்டது. மேலை நாடுகளோடு ஒப்பிடச் சிறு தொகைதான். ஆயினும் இல்லாத நோய் என்று இனி எவரும் சொல்வதற்கில்லை. பிள்ளை மெலிவதும், வகுப்பில் மற்றவரினும் குட்டையாக நிற்பதும், அடிக்கடி வயிற்றுவலியும், மலத்திற் குருதியும் அதன் அடையாளங்கள். பூச்சி மருந்து கொடுத்துவிட்டு மறந்துவிடும் அடையாளங்களும் இவையே.

நமது நாடுகளில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. குடலில் வரும் காசநோயும் குரோன் நோயும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றையொன்று ஒத்திருக்கும். குரோன் நோய் என்று கருதி அழற்சியை அடக்கும் ஸ்டீரோயிட் மருந்தைக் கொடுத்தால், காசநோயாயின் அது சீறி எழும். ஆதலால் ஐயமுள்ள இடங்களில் முதலில் காசநோய் மருந்தையே வைத்தியர் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. அவற்றுள் ஒன்றான ரிபாம்பிசின், நாம் முன்னர்க் கூறிய பி.எக்ஸ்.ஆர். உணர்வியைப் பிடித்துக் குலுக்கி எழுப்புவதில் மிக வல்லது. அழற்சி மூடிய பக்கத்தை அது விரிய விரியத் திறந்துவிடும். வெட்டுபவர் பெருகுவர், ஸ்டீரோயிட் மருந்தும் அவர்கள் கையில் அகப்பட்டுக் குருதியிற் பெரிதும் குறைந்துபோகும். குடல் அழலும்போது மருந்து மிகையாகலாம், ரிபாம்பிசின் சேரும்போது குறைவாகலாம். ஒரே பிள்ளைக்கு ஒரே ஆண்டுக்குள் இவை இரண்டும் நேரலாம். முன்பு எழுதிய துண்டைக் காட்டி மருந்துக்கடையில் அதே அளவை மீண்டும் வாங்குவது எவ்வளவு துணிகரமானது என்பது விளங்குகின்றது அல்லவா?

குடலின் எல்லாப் பகுதியும் ஒரே வகையாக நடப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சிறுகுடல் வேறு, பெருங்குடல் வேறு. அழற்சி கடுமையான இடம் வேறு, அதனை அடுத்த நலமுள்ள இடம் வேறு. புண்ணழற்சியால் அழன்ற பெருங்குடலில் வாயிற்காவலராகிய பீ-கிளைக்கோபுரதம் குறைவதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அக்காவலருக்குரிய பரம்பரையலகை நீக்கி வளர்த்த எலிகளுக்குத் தாமாகவே பெருங்குடலழற்சி உண்டாவதை 1998-இற் கண்டனர். ஆகவே காவல் வீழ்வது அழற்சியின் விளைவு மட்டுமன்று; சில வேளை அதன் காரணமும் ஆகலாம். மருந்துக்காக மட்டுமா அங்கே காவல் வைத்திருக்கின்றது இயற்கை? குடலிலுள்ள நுண்ணுயிர்களின் நஞ்சுக்கும் அங்கேதான் தடை.

பக்கம் மூடப்படுவதும் பக்கத்தில் அச்சுப்பிழை இருப்பதும் வெவ்வேறு. இரண்டாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு அசதியோபிரின். கெர்ட்ரூட் எலியன், ஜோர்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோரின் ஆய்வுகூடத்திற் பிறந்த இம்மருந்து குரோன் நோயுற்ற பிள்ளைகளுக்கு இன்றும் கொடுக்கப்படுகின்றது. இருவரும் 1988-இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். ஐரோப்பியரில் ஏறத்தாழப் பத்திலொருவருக்கு இம்மருந்தை அடக்கும் ரி.பி.எம்.ரி. என்னும் நொதியம் குறைவு. முந்நூற்றில் ஒருவருக்கு அறவே இல்லை. அவர்களுக்கு வழக்கமான அளவு வெள்ளைக் குருதிக் கலங்களை அழித்துவிடும். ஆசியரிடம் அக்குறை அரிது. ஆயினும் ஆசியருக்கும் அதே தீங்கு நேர்ந்துகொண்டிருந்தது. இந்தப் புதிரைக் கொரிய நாட்டு ஆய்வாளர் 2014-இல் அவிழ்த்தனர். குற்றவாளி என்.யு.டி.ரி. 15 என்னும் வேறொரு பரம்பரையலகு. அதன் மாறிய வடிவம் கிழக்காசியரிடமும் தென்னாசியரிடமும் ஐரோப்பியரிடத்தினும் மிகுதி. மேலை நாட்டுச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் நம் பிள்ளைகளிற் பலருக்கு அது "குறையில்லை" என்று நற்சான்று வழங்கியிருக்கும். மருந்தின் அளவுகள் யாருடைய உடம்பைக் கொண்டு வகுக்கப்பட்டன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதே நம் கருத்து.

அந்தக் கேள்வியை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பழைய ஆய்வுகள் மேலும் கூராக்குகின்றன. செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலியோர் 1960களில், வட ஆர்க்காட்டுக் கிராமங்களிற் பரவிய ஸ்புரூ என்னும் குடல்நோயை ஆராய்ந்தனர். நோயில்லாதவர் என்று கருதப்பட்ட கிராமத்தாரின் சடைமுளைகளும் மேலைநாட்டாருடையவற்றினும் குட்டையாகவும் தடித்தும் இருந்ததை அப்போது கண்டனர். தூய நீரும் கழிப்பிடமும் போதாத வாழ்வில் குடல் ஓயாமற் சிறுசிறு தொற்றுகளோடு மல்லாடுவதன் தழும்பு அது. ஊவாவின் லயங்களுக்குப் பெயர்ந்து வந்த குடும்பங்களிற் பலவற்றின் மூதாதையர் வாழ்ந்தது இத்தகைய தமிழகக் கிராமங்களிலேதான். அவர்களை வரவேற்ற லயங்களின் நீரும் நிலமும் அவற்றினும் மேலாக இருந்ததில்லை.

தோட்டத் தமிழரின் குடலும் அதற்கிட்ட மருந்தும் இலங்கை வரலாற்றில் ஒரு பழைய அதிகாரம். றொக்பெல்லர் நிறுவனம் 1916-இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தைமோலும் கெனோபோடிய எண்ணெயும் அந்நாளைய மருந்துகள். புழுவைக் கொல்லும் அளவுக்கும் மனிதரைக் கொல்லும் அளவுக்கும் அவற்றில் இடைவெளி குறுகியது. 1921-இல் அமெரிக்கரான மோரிஸ் ஹோல், துணி வெளுப்போர் கறை நீக்கப் பயன்படுத்திய காபன் நாற்குளோரைட்டு புழுக்களைச் சிறப்பாகக் கொல்லும் என்று அறிவித்தார். அஃது ஈரலைக் கெடுக்குமா என்றறிய, இலங்கையில் மரணதண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு அதனைக் கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின்னர் ஈரலை அறுத்துப் பார்த்தனர்! 1922-இல் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் அது வெளியாயிற்று. இன்று எந்த நீதிமன்றமும் பொறுக்காத செயல். ஈரலைக் கெடுப்பது அம்மருந்து மட்டுமன்று என்பது பிற்காலத்திலேதான் விளங்கிற்று. நமது பி 450 குடும்பத்தைச் சேர்ந்த 2ஈ1 என்னும் நொதியம் அதனை வெட்டும்போது தெறிக்கும் துண்டே நஞ்சு. மது அருந்துவோரிடம் இந்நொதியம் பெருகியிருப்பதால் நஞ்சும் பெருகும். வெட்டுபவர் எப்போதும் நண்பர் அல்லர். ஒரு மருந்தில் அவர் குறைவது ஆபத்து, வேறொன்றில் அவர் மிகுவது ஆபத்து.

நாட்டின் முதலாவது மருந்தியற் பேராசிரியரான சேனக பிபிலையை இங்கு நினைக்கின்றோம். பசறையிலிருந்து லுணுகலை வழியே இறங்கும் பெருவீதி சென்றடையும் பிபிலை என்னும் ஊரின் பெயரே அவருடைய குடும்பப் பெயர். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராயிருந்து, மருந்துகளை வணிகப் பெயராலன்றி அவற்றின் பொதுப் பெயராலேயே எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று போராடியவர். 1977-இல் கயானாவிற் காலமானார். அவர் கருத்தில் நின்றது பெரும்பாலும் விலை. பொதுப் பெயரால் இன்னொரு நன்மையும் உண்டு. இரு மருந்துகள் ஒன்றோடொன்று மோதுமா என்று வைத்தியர் பார்ப்பது அந்தப் பெயரைக் கொண்டுதான்.

ஆகவே குடல்நோயுள்ள பிள்ளையைப் பதுளைக்கோ வேறெங்கோ கொண்டுசெல்லும் பெற்றோர், வயிற்றோட்டம் எப்போது தொடங்கியது, வேறு எந்நோய்க்கு எம்மருந்து உண்கின்றான், வீட்டில் எவருக்கேனும் காசநோய் உண்டா என்பவற்றைக் கேட்குமுன்னரே சொல்லலாம். நிறையை அன்றே நிறுக்கச் சொல்லலாம். போன தவணை நிறுத்த நிறை மெலிந்த பிள்ளைக்கு உதவாது. நெடுநாள் மருந்து உண்பவனுக்கு நடுவில் காய்ச்சலோ ஓட்டமோ வந்தால், தாமாகக் கூட்டாமலும் குறைக்காமலும் நிறுத்தாமலும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்தின் பெயரை ஞாபகத்தில் வைப்பது கடினம். மாத்திரை அட்டையில் பெயர் அச்சிட்ட ஓரத்தை முதலிற் கிழித்துவிடாமல், கடைசி மாத்திரை வரை அதனை விட்டுவைத்து, வெற்று அட்டையைக் கிளினிக் கொப்பிக்குள் செருகி எடுத்துச் சென்றாற் போதும்.